மூச்சுக் கடன்

தொட்டி வாங்க வருகிறவர்களிடம் எத்தனை அடி வேண்டும், என்ன மீன் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். "உங்க பக்கம் கரண்ட் எப்படி? போனா எவ்வளவு நேரத்துல வரும்?" பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. வண்ண மீன் பார்க்க வந்த இடத்தில் மின்வெட்டைப் பற்றி எதற்குப் பேச்சு என்று முகம் சுளிக்கிறார்கள். இன்வெர்ட்டர் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. நான் இன்வெர்ட்டர் விற்பதில்லை. மதுரையில் தெற்குமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மீன் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் என்னை நெடுநாளாகத் தூங்கவிடாத இன்னொரு கேள்வி இருக்கிறது. ஓர் உயிரை அடைத்து வைத்தவன் அதற்குச் செய்ய வேண்டியது என்ன? அதைக் கருணை என்று எடுத்துக்கொள்வதா, கடன் என்று எடுத்துக்கொள்வதா? கருணை என்றால் மனம் இளகும்போது செய்யலாம், இளகாதபோது பேசாமல் இருக்கலாம். கடனை அப்படித் தள்ளிவைக்க முடியாது.

2012-ஆம் வருஷத்தை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் எங்களுக்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டும். ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த மணி நேரம் இருக்காது. ராத்திரியிலும் அதே கணக்குதான். மாவு மில்லும் லேத் பட்டறையும் ஜெராக்ஸ் கடையும் முடங்கிக் கிடந்தன. என் கடையில் முடங்கியது மீன்களின் மூச்சு.

தண்ணீருக்குள் காற்று எவ்வளவு குறைவு என்பது பலருக்குத் தெரியாது. நாம் இழுக்கும் காற்றில் லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். 30 டிகிரிக்குப் போனால் அதுவும் ஏழரையாகிவிடும். சித்திரை மாதத்தில் என் கடைத் தொட்டிகள் 30-ஐத் தாண்டிவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் காற்று குறையும். அதே சூட்டில் மீனுக்குக் காற்று கூடுதலாகத் தேவைப்படும். ஏர் பம்ப் விடும் குமிழிதான் மீனுக்குக் காற்று என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குமிழியிலிருந்து நேராகக் கரைவது கொஞ்சம்தான். அது மேலே ஏறும்போது அடித்தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய் மேற்பரப்பைக் குலுக்குகிறது. குலுங்கும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே இறங்குகிறது. ஆற்றில் இந்த வேலையைப் பாறையும் சரிவும் பார்த்துக்கொள்கின்றன. கண்மாயில் அதன் அகலமும் வீசுகிற காற்றும் பார்த்துக்கொள்கின்றன. தொட்டியில் பாறை இல்லை, சரிவு இல்லை, அகலம் இல்லை. அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாலு வாட் மோட்டார் ஒன்றை வைத்திருக்கிறேன். எடுத்தது நான்தான். ஆகவே அந்த மோட்டார் நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில், நெருக்கமான தொட்டிகளில் மீன்கள் மேலே வந்துவிடும். வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்து இரை போடுகிறவர்கள் உண்டு. போடக் கூடாது. தின்ற மீனுக்கு ஆக்சிஜன் அதிகமாக வேண்டும். தின்னாமல் விட்ட இரை அழுகி, இருக்கிறதையும் குடித்துவிடும். ஓரிரு நாள் பட்டினியில் வளர்ந்த மீன் சாகாது. அந்த நேரத்தில் அன்பாக நாம் நீட்டும் கையே அதற்கு எதிராகப் போய்விடும். அந்த உயிருக்கு என்ன வேண்டும் என்ற அறிவு சேராத கருணையை நான் நம்புவதில்லை.

அந்த வருஷத்தில் ஒரு மாலை, சமணப் பெரியவர் ஒருவர் பேரனோடு கடைக்கு வந்தார். அவருடைய அப்பா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்து இங்கே ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பம். தமிழ் எங்களைப் போலவே பேசுவார். பேரன் கோல்டு ஃபிஷ் தொட்டியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பேட்டரி பம்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் கடைப் பையனும் தொட்டி தொட்டியாக ஓடியதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க இல்லாத நேரத்துல போனா?"

"பையன் பாத்துக்குவான் ஐயா."

"அவனும் இல்லாதப்ப?"

நான் பதில் சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, பொறுமையாக, எனக்குப் பாடம் நடத்துகிற தோரணை கொஞ்சமும் இல்லாமல் அவர் பேசினார். சமணத்தில் இல்லறத்தாருக்கும் அகிம்சை விரதம் உண்டு. அந்த விரதத்துக்கு ஐந்து மீறல்களை உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் வரிசைப்படுத்துகிறது. ஓர் உயிரைக் கட்டி வைப்பது, அடிப்பது, உறுப்பை அறுப்பது, தாங்காத சுமையை ஏற்றுவது, உணவையும் நீரையும் தடுப்பது. கொலை இந்த ஐந்தில் இல்லை, கொலை செய்தால் விரதமே போய்விட்டது என்றார். "முதல்ல வச்சிருக்கிறது கட்டி வைக்கிறதை. அடிக்கிறதுகூட அதுக்கு அப்புறந்தான்." பேரனைச் சமாதானப்படுத்தி அழைத்துக்கொண்டு போனார். பையன் சந்து முனை வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மாடும் குதிரையும் வைத்திருந்தவர்களை மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் அது. இருந்தும் மீன் தொட்டிக்கு இவ்வளவு சரியாகப் பொருந்துவதைப் பிறகுதான் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டேன். கட்டி வைப்பது ஏன் முதலில் நிற்கிறது? மீனுக்கு மூச்சும் நீரில்தான்; ஆற்று மீனிடமிருந்து அதைப் பிடுங்க எந்த மனிதனாலும் ராத்திரி தூக்கத்தில் தவறிப்போய்க்கூட முடியாது. தொட்டி மீனிடமிருந்து பிடுங்கலாம். அதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. எங்கோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போனால் போதும். அடைத்து வைத்தவன் திருமங்கலத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பான். அதே நேரத்தில் அவன் வீட்டில் ஐந்தாவது மீறல் நடந்துகொண்டிருக்கும். அடிக்கிறவன் கையை நிறுத்திக்கொள்ளலாம். கட்டி வைத்தவனுக்கு, தான் செய்யப்போகும் குற்றத்தின் மேலேயே பிடி கிடையாது. முதல் மீறலின் கனம் அதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நான் சமணன் இல்லை. வீட்டில் வள்ளலார் படம் மாட்டியிருக்கும் குடும்பம். வடலூரில் 1867-இல் அவர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. பசி நேரம் பார்த்து வருவதில்லை, ஆகவே அடுப்பும் அணையக் கூடாது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் உயிர்களுக்கு வரும் துன்பங்களை அவர் ஏழாக எண்ணுகிறார். பசி, கொலை, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம். அந்தப் பட்டியலைப் படித்தபோது ஒன்று தட்டுப்பட்டது. மூச்சு முட்டுவது அதில் தனியாக இல்லை. இருக்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. சோற்றை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம், மறுக்கலாம். தண்ணீரும் அப்படியே. காற்றை யாரும் யாருக்கும் அளந்து கொடுக்க வேண்டியிருந்ததில்லை; அது எல்லோருக்கும் முன்பே கொடுத்து முடித்த பொருள். அப்படிக் கொடுத்து முடித்ததைத் திரும்பப் பறித்து, பிறகு சொட்டுச் சொட்டாக நாமே கொடுக்கும் ஏற்பாடுதான் என் கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் தொட்டிகள். பம்ப் போட்டுவிடுவதைத் தருமம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூசுகிறது. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தருமம் என்று பெயர் கிடையாது.

இப்படி யோசிக்க ஆரம்பித்த பிறகு, கரண்ட் போனால் எந்தத் தொட்டிக்கு முதலில் போவது என்பதும் தெளிவாயிற்று. கடைக்காரன் கண்ணுக்கு முதலில் தெரிவது விலை. ஃபிளவர் ஹார்ன் ஒன்று ஆயிரக்கணக்கில் போகும். மூன்றடித் தொட்டியில் தனியாக, ராஜா மாதிரி இருக்கும். தனியாக இருப்பதாலேயே அதற்குக் காத்திருக்க முடியும்; அதைச் சுற்றி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் செவுளுக்கு மேலே காற்றை நேராக எடுக்கும் தனி உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு போய்விடும். டேங்க் கிளீனர் மீன் காற்றை விழுங்கி இரைப்பையாலேயே சமாளிக்கும். ஒரு பக்கமும் போக முடியாமல் தவிப்பது கோல்டு ஃபிஷ்தான். கொழுத்த உடம்பு, நிறைய ஆக்சிஜன் கேட்கும் மீன். குறைந்த விலை என்பதால் ஒரே தொட்டியில் அதிகமாகப் போட்டிருப்போம். ஆகவே முதலில் அதற்கு, பிறகு மோலி, கப்பி நெருக்கமாக இருக்கும் தொட்டிகளுக்கு, கடைசியில்தான் ஃபிளவர் ஹார்னுக்கு. விலை வரிசை ஏறக்குறையத் தலைகீழாகிவிடுகிறது. எந்தத் தொட்டியை நான் அதிகம் நெருக்கினேனோ அந்தத் தொட்டிக்கு அதிகம் கடன்பட்டிருக்கிறேன். கையில் பம்போடு இருட்டில் நிற்கும்போது இதைவிடத் தெளிவான அறநூல் எனக்குத் தேவைப்படவில்லை.

பம்ப் தீர்ந்துபோனால் மக். தண்ணீரை மொண்டு ஒன்றரை அடி உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் மேற்பரப்பை உடைக்கும். பம்ப் செய்வதும் அதையேதான். கை வலிக்கும், அவ்வளவுதான் செலவு. ஃபில்டர் விஷயம் கொஞ்சம் வேறு. ஸ்பாஞ்சில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று தண்ணீரை விஷமில்லாமல் வைத்திருக்கின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய ஃபில்டருக்குள் பல மணி நேரம் தண்ணீர் ஓடாமல் நின்றால் அவை செத்துப்போகும், உள்ளே அழுகும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்த அழுகலைத் தொட்டிக்குள் தள்ளும். ஆகவே நீண்ட நேரம் நின்றுவிட்டால், ஸ்பாஞ்சை எடுத்து, தனியாக மொண்ட தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். ஒரு மீனுக்குப் பட்ட கடன் எத்தனை ஆயிரம் உயிர்கள் வழியாக ஓடுகிறது பாருங்கள். சமணர்கள் நீரை வடிகட்டிக் குடித்ததன் நியாயம் ஸ்பாஞ்ச் அலசும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும்.

மனிதர்களுக்கே கரண்ட் இல்லாதபோது மீனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, இதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. 2012-இல் என் வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன், ஒரு லைட் ஓடும். வயதான அம்மா ஃபேன் இல்லாமல் தூங்க மாட்டார். அம்மாவா மீனா என்று மனம் பெரிதாக ஒரு தராசைத் தூக்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஃபேன் எழுபத்தைந்து வாட், பம்ப் நாலு வாட். லைட்டை அணைத்தால் வீட்டுத் தொட்டிகள் எல்லாம் ஓடும். நாம் அறச்சிக்கல் என்று பெயர் வைத்துத் தத்தளிக்கும் பலவும் எண்ணிப் பார்க்காததால் வந்த சிக்கல்தான். எண்ணிப் பார்த்த பிறகும் மீந்து நிற்பதுதான் உண்மையான சிக்கல்.

அப்படி மீந்து நின்ற ஒன்றை நான் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டாவில் லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன, தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் பேசினார். மதுரையில் வேலை பார்த்தபோது என்னிடம் தொட்டி வாங்கியவர். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவரிடம் காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேசுகிறார். தோப்பு போய்விட்டது, ஓடு போய்விட்டது என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

"அண்ணே, கேக்கவே வெக்கமா இருக்கு. ஊரே அழுதுக்கிட்டு இருக்கு. நான் மீனைப் பத்திக் கேக்குறேன்."

"கேளுங்க டீச்சர்."

"சொம்பால ஊத்திக்கிட்டு இருக்கேன். நானும் எங்க மாமியாரும் மாத்தி மாத்தி. சரியாத்தான் செய்யுறோமா?"

சரியாகத்தான் செய்தார்கள். இரையை நிறுத்தியிருந்தார்கள், தொட்டியை வெயில் படாத இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ஊற்றும் இடைவெளியையும், பாதித் தண்ணீரை மாற்றக் கிணற்றுத் தண்ணீர் போதும் என்பதையும் மட்டும் சொன்னேன். ஆனால் அவருடைய வெட்கம் என்னைவிட்டுப் போகவில்லை. அவர் எதற்காக வெட்கப்பட்டார்? பக்கத்து வீட்டுக்காரருக்குச் சேர வேண்டிய ஒரு பிடி அரிசியையோ ஒரு சொட்டு டீசலையோ அந்த மீன்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பெண்களின் கை உழைப்பைத் தவிர எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் பெரிதாக இருக்கும் இடத்தில் சிறிய கடன்கள் எல்லாம் ரத்தாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. தோப்பைத் திரும்ப நிறுத்த அவரால் முடியாது. சொம்பைத் தூக்க முடியும். முடிந்ததைச் செய்ததற்காக அவர் யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை என்று அன்று சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன்.

டீச்சரின் கை செய்த வேலையை மீனும் செய்வதுண்டு. மீன் முட்டையை அடைகாப்பதில்லை, பார்வையாலேயே குஞ்சு பொரிக்கிறது என்பது எங்கள் ஊரில் மீனாட்சியம்மனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்வது. பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும். சைவத்தில் குருவின் தீட்சை வகைகளை விளக்க இதையே சொல்வார்கள். ஏஞ்சல் மீன் முட்டையிட்டால் தாயும் தகப்பனும் முட்டைகளுக்கு முன்னாலேயே நிற்கும். இமையில்லாத கண்கள், நகராத பார்வை. சொல்லி வைத்தவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஆனால் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் பக்கத் துடுப்புகள் இரண்டும் ஓயாமல் வீசிக்கொண்டிருப்பது தெரியும். முட்டைகளின் மேல் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி அவை விசிறுகின்றன. முட்டைக்கும் ஆக்சிஜன் வேண்டும். மின்வெட்டு நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன், தங்களுக்கே மூச்சு குறைந்த தண்ணீரில் அந்த இரண்டும் வீசிக்கொண்டே இருந்தன. அம்மனின் பார்வை என்று நாம் கும்பிடுவதில் இந்த உழைப்பும் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி அயிரைக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் இதுவரை எழுதியதற்கு மரியாதை இல்லை. மதுரைக்காரன் வீட்டில் அயிரை மீன் குழம்பு வைக்காமல் இருக்க மாட்டார்கள். உயிரோடு வாங்கி வந்து, மண்ணைக் கக்குவதற்காகத் தேங்காய்ப் பாலில் விட்டு, பிறகு உரசிக் கழுவுவார்கள். கூடத்தில் ஒரு தொட்டி மீனுக்கு மோட்டார் ஓடுகிறது, அடுப்படியில் ஒரு சட்டி மீன் குழம்புக்குக் காத்திருக்கிறது. இரண்டு மீனுக்கும் நடுவில் ஒரு சுவர். "அதைத் தின்னுட்டு இதுக்கு மூச்சு ஊதுறியே" என்று என் மைத்துனரே கேட்டிருக்கிறார். அயிரையின் உயிர் மட்டம், கோல்டு ஃபிஷ்ஷின் உயிர் உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். சமண மரபில் இரண்டுமே ஐம்புலன் உள்ள உயிர்கள். தின்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் நான் தேறமாட்டேன், வள்ளலார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் ஒரு கணக்கில் தேறாதவன் இன்னொரு கணக்கையும் கிழித்துப் போடலாம் என்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. என் கூடத்தில் இருக்கும் மீன், நான் அடைத்ததால் என் கையை எதிர்பார்த்து நிற்கிறது. நான் சைவமா அசைவமா என்பது அதன் மூச்சுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

அடைத்து வைத்தவன் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கு மதுரையில் இரண்டு பதில்கள் ஏற்கெனவே இருக்கின்றன, கதைகளாக. முதல் கதை மீனாட்சியம்மன் கோவிலின் பொற்றாமரைக் குளத்து நாரை. பசியோடு அந்தக் குளத்துக்கு வந்த நாரை, புனிதமான நீரில் வாழும் மீனைத் தின்ன மனம் வராமல் பட்டினி கிடந்தது. சிவபெருமான் காட்சி கொடுத்தபோது தனக்கு முத்தி கேட்டதோடு நிற்கவில்லை. தனக்குப் பின்னால் வரும் பறவைகள் பாவத்தில் விழாதபடி இந்தக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்றும் கேட்டது. அதனால்தான் பொற்றாமரையில் மீன் இல்லை என்பார்கள். மீன் விழியாளின் கோவிலுக்குள் மீன் இல்லாத குளம். குற்றத்துக்கு இடம் தரும் பொருளையே அகற்றிவிடும் வழி இது. சமணப் பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு போனது இந்த வழியில்தான். இன்னும் மீனை எடுக்காதவருக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் மேசை மேல் வைக்க ஒரு மீன் வேண்டும், ஊரில் பாதி நாள் இருக்க மாட்டோம் என்று வருகிறவர்களிடம் நான் நாரையின் பக்கம்தான் பேசுகிறேன். வியாபாரம் போகிறது. போகட்டும்.

இரண்டாவது கதை பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் வருகிறது. திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நின்று தர்ப்பணம் செய்கிறான். கையில் அள்ளிய நீரில் ஒரு சின்ன மீன். ஆற்றிலேயே விட்டுவிடுகிறான். பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடுமே, நம்பி வந்த என்னை இப்படி விடலாமா என்று அது முறையிடுகிறது. கமண்டலத்தில் எடுத்துப் போகிறான். விடிவதற்குள் கமண்டலம் அதற்குப் போதவில்லை. பெரிய பானையில் விடுகிறான், பானையும் போதவில்லை. ஏரி, அதைவிடப் பெரிய நீர்நிலை, கடைசியில் கடல். அந்தக் கிருதமாலைதான் இன்று மதுரைக்குள் சாக்கடை சுமந்து போகும் கிருதுமால் நதி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கதையைப் பிரளயத்துக்காகவும் அவதாரத்துக்காகவும் சொல்கிறார்கள். நான் மீன் வளர்க்கிறவனாக அதைப் படிக்கிறேன். கைக்கு வந்துவிட்ட உயிரிடம் போதும் என்று சொல்லும் உரிமை அரசனுக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் மீன் தன் இடம் போதவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அரசன் ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிய பாத்திரம் தேடுகிறான். நாரையின் பதில் எடுப்பதற்கு முன்னால் செல்லும். எடுத்த பிறகு சத்தியவிரதனின் பதில் ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆற்றில் விட்டதோடு அரசனின் வேலை முடியவில்லை என்பது. வளர்க்க முடியாமல் போனவர்கள் புண்ணியம் என்று நினைத்துத் தொட்டி மீனைக் கண்மாயில் கொண்டுபோய் விடுகிறார்கள். கோல்டு ஃபிஷ்ஷை நாரையும் கொக்கும் உடனே கொத்திக்கொண்டு போகும். அந்த நிறத்தை எங்கே ஒளிக்கும்? டேங்க் கிளீனர் அதற்கு நேர்மாறு. தென் அமெரிக்க மீன், உடம்பெல்லாம் கவசம். கெட்ட தண்ணீரிலும் பிழைத்துப் பெருகும். தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் வலையைக் கிழித்துக்கொண்டு, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அது இன்று மீனவர்களின் வயிற்றில் அடிக்கிறது. விடுதலை கொடுத்தேன் என்று ஒருவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரியில் கெண்டைக்கும் கெளுத்திக்கும் புதுச் சிறை ஆரம்பித்திருக்கிறது.

ஆகவே என்னிடம் வாங்கிய மீனைத் திரும்பக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், வீடு மாறுகிறோம், மீன் தொட்டியைவிடப் பெரிதாகிவிட்டது, அப்பா இறந்துவிட்டார், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று காரணங்கள் வரும். கடன் எடுத்தவரோடு முடிவதில்லை. யாராவது ஒருவர் தலையில் இறங்கும். என் தலையில் இறங்கட்டும், முதலில் விற்றவன் நான்தானே. காசு கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. அந்த மீன்களை மறுபடி விற்பதும் இல்லை. கடையின் பின்வரிசை முழுக்க இப்போது அவைதான், முழநீள டேங்க் கிளீனர்கள், நிறம் வெளுத்த கிழட்டு கோல்டு ஃபிஷ்கள். இடம் போதவில்லை.

ஒத்தக்கடைப் பக்கம் என் வீட்டுக் கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம். கொத்தனார் நாலடி ஆழம் போடலாம் என்கிறார். "ஆழமாப் போட்டா நெறைய மீன் கொள்ளும்ணே, அகலத்துல எதுக்கு எடத்தை வீணாக்குறீங்க?" இரண்டரை அடி போதும் என்று சொல்லிவிட்டேன். ஆழத்தில் இருக்கும் தண்ணீர் காற்றைப் பார்ப்பதில்லை, அகலம்தான் மூச்சு. மேலே நிழல் வலை, பறவைக்கு ஒரு வலை. மோட்டார் வைக்கப் போவதில்லை. மோட்டார் இல்லாமல் எத்தனை மீன் அமைதியாக இருக்குமோ அத்தனையைத்தான் அதில் விடுவேன். மிச்சம் இருந்தால் பக்கத்தில் இன்னொன்று கட்ட வேண்டியிருக்கும், அதற்கும் இடம் அளந்து வைத்திருக்கிறேன். பூச்சு வேலை முடிந்ததும் சிமென்ட்டின் காரம் இறங்க வாழைமட்டையை வெட்டிப் போட்டுத் தண்ணீரை நிரப்பி, ஊறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். கார்த்திகைக்குள் முதல் மீனை விட்டுவிடலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார்.